கல்லின் எடையும் கல்லின் ஒளியும்



நிச்சயதார்த்தத்திற்கு வைர மோதிரம் வாங்கப் போகும் வாலிபனிடம் கடைக்காரர் நான்கு காரியங்களைச் சொல்லுவார்: காரட் என்னும் எடை, நிறம், தெளிவு, பட்டையின் தரம். முதல் மூன்றும் அவனுக்கு எளிதில் விளங்கிவிடும். எடை ஓர் எண். நிறம் ஓர் எழுத்து. கல்லுக்குள் புள்ளியோ கீறலோ உண்டா என்பது தெளிவு. நான்காவதைத்தான் அவன் தலையசைத்துக் கேட்டுவிட்டு மறந்துபோகிறான். கையிலிருக்கும் பணத்திற்கு எத்தனை காரட் கிடைக்கும் என்பதே கடைசியில் அவனுடைய கேள்வியாகிறது. அவனைக் குறை சொல்லுவதற்கில்லை. பேரரசர்களும் அப்படியே கேட்டார்கள். ஒளியின் நிமித்தம் எடையை இழக்கலாம் என்று மனிதர் மனதாரச் சம்மதிப்பதற்கு முந்நூறு ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றை இவ்வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். இவ்வாண்டு மோதிரம் வாங்கவிருக்கிற பிள்ளைகளுக்கும், பணம் கொடுக்கப்போகிற பெற்றோருக்கும் அது பயன்படும்.

வேதாகமத்தில் வைரம் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். எரேமியா 17-ஆம் அதிகாரத்தில் அது எழுத்தாணியின் நுனியாக வருகிறது. எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்தில் கன்மலையிலும் கெட்டியான நெற்றிக்கு உவமையாக வருகிறது. இவ்விரண்டு இடங்களிலும் அதன் மினுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதன் கடினம் மாத்திரமே பேசப்படுகிறது. எபிரெயத்தில் அங்கே நிற்கும் சொல் இன்றைய வைரத்தைத்தான் குறித்ததா என்பது வேறு விவாதம். ஆனாலும் பூர்வகாலத்தார் இப்படிப்பட்ட கல்லில் எதை மதித்தார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. பூமியிலிருந்து எடுக்கப்பட்ட வைரம் பெரும்பாலும் எண்ணெய் தடவிய கூழாங்கல்லைப்போலவே இருக்கும். வைரத்தை வைரத்தூளால் மட்டுமே தேய்க்க முடியும். எண்ணெயோடு குழைத்த அந்தத் தூளைச் சுழலும் இரும்புத் தட்டில் பூசி, கல்லை அதன்மேல் அழுத்திப் பட்டை தீட்டும் வேலை, ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டளவில்தான் வேரூன்றியது. 1477-ல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நிச்சய மோதிரம் அக்காலத்தைச் சேர்ந்தது.

எடையின் அளவைக் குறித்து ஒரு சிறு விலகல்; கிரேக்கம் படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வராது. காரட் என்னும் சொல் 'கெராத்தியோன்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது கரோப் மரத்தின் காயைக் குறிக்கும். அதன் விதைகளை வணிகர் நிறைகல்லாக வைத்து ரத்தினங்களை நிறுத்தார்கள். லூக்கா 15-ல் இளைய குமாரன் பன்றிகளோடு தின்ன ஆசைப்பட்டானே, தமிழில் 'தவிடு' என்று நாம் வாசிக்கிறோமே, கிரேக்க மூலத்தில் அங்கே நிற்பதும் இதே சொல்தான். இன்று ஒரு காரட் என்பது ஒரு கிராமின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிகிராம். நம் கடைகளில் சென்ட் என்று சொல்லுவது அதன் நூற்றில் ஒரு பங்கு.

இனி கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரைக்கும், உலகத்தின் வைரங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவிலிருந்து போயின. அவற்றில் பேர்பெற்றவை கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர் முதலான கோல்கொண்டா சுரங்கங்களில் கிடைத்தவை. பிரெஞ்சு நகை வணிகர் ழான் பாப்திஸ்த் தவெர்னியே அந்தச் சுரங்கங்களை நேரில் கண்டு எழுதினார். நம் நாட்டுத் தொழிலாளர் கல்லை எப்படி நடத்தினார்கள் என்பதை அவர் கவனித்திருக்கிறார். மாசற்ற கல்லாயிருந்தால், எடை குறைந்துவிடுமே என்று, அதன் இயற்கையான முகங்களைச் சற்றே தேய்த்து விட்டுவிடுவார்கள். மாசு இருந்தால், அதை மறைக்கும்படி சிறு சிறு பட்டைகளைப் பரப்பி வைப்பார்கள். இதை அறியாமை என்று எண்ண வேண்டாம். அரசருக்கு உரிய கல்லின் மதிப்பு அதன் பருமனில் இருந்தது. தேய்த்து வீசியதைத் திரும்ப ஒட்டவைக்க ஒருவராலும் கூடாது.

1665 நவம்பரில் ஒளரங்கசீப்பின் அவையில் தவெர்னியே ஒரு மாபெரும் வைரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். முட்டையைக் குறுக்கே பாதியாய் அறுத்ததுபோன்ற வடிவம். சுரங்கத்திலிருந்து வந்தபோது 787 காரட்டுக்கு மேல் இருந்த அந்தக் கல், அவர் கண்டபோது 280 காரட்டளவாய்க் குறைந்திருந்தது. வெனிஸ் நகரத்தவரான ஹோர்தென்சியோ என்பவர், மாசுகளைப் பிளந்து நீக்காமல், கல் முழுவதையும் தேய்த்தே தீர்த்துவிட்டார். கூலி கொடுப்பதற்குப் பதிலாக அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது என்றும், அவரிடம் அதற்குமேல் இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பார்கள் என்றும் தவெர்னியே எழுதுகிறார். எடையும் போயிற்று, ஒளியும் வரவில்லை. பட்டை தீட்டுவதற்கு மனிதர் ஏன் அஞ்சினார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அதே தவெர்னியே இந்தியாவிலிருந்து கொண்டுபோய்ப் பதினான்காம் லூயிக்கு விற்ற நீல வைரத்தின் கதை வேறுவிதமானது. அது ஏறக்குறைய 115 காரட் இருந்தது. 1673-ல் அரசருடைய நகைக்கலைஞர் பித்தோ அதைத் தீட்டி 69 காரட்டாக்கினார். பாரீஸ் அரண்மனை அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. மெழுகுவர்த்திகளின் நடுவே நடமாடும் அரசருக்கு, தூரத்திலிருந்தே மின்னும் கல் தேவைப்பட்டது. ஆக, ஒரே தலைமுறையில், டில்லியின் கணக்கும் பாரீஸின் கணக்கும் எதிரெதிரே நின்றன.

அந்த இரண்டு கணக்குகளும் லண்டனில் நேருக்கு நேர் சந்தித்தன. 1849 மார்ச்சில் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானபோது, பத்து வயதுச் சிறுவனாயிருந்த மகாராஜா துலீப் சிங், உடன்படிக்கையின்படி கோஹினூரை ஒப்புக்கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அது விக்டோரியா ராணியின் கைக்குப் போனது. 1851-ல் ஹைட் பூங்காவில் பளிங்கு மாளிகை எழுப்பப்பட்டு மாபெரும் கண்காட்சி நடந்தபோது, ஆறு மாதத்தில் அறுபது லட்சம் பேர் வந்தார்கள். கோஹினூரைக் காணக் கூட்டம் முண்டியடித்தது. கண்டவர்களுக்கோ ஏமாற்றம். இவ்வளவு பேர்பெற்ற கல் சாதாரணக் கண்ணாடித் துண்டைப்போல இருக்கிறதே என்று முறுமுறுத்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. எரிவாயு விளக்குகளையும் கண்ணாடிகளையும் சுற்றிலும் வைத்துப் பார்த்தார்கள். அதனாலும் பெரிய பலன் இல்லை.

என் எண்ணத்தில், அந்தக் கல்லின்மேல் குற்றம் ஏதுமில்லை. அது முகலாய, பாரசீக, சீக்கிய அரசர்களின் கண்ணுக்காகத் தீட்டப்பட்டது. பருமனும் இயல்பான உருவமும் காக்கப்பட்ட கல் அது. புஜத்தில் கட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் அமரும் அரசனுக்கு ஏற்றது. லண்டன் மக்களோ, ஒளியை வாரி இறைக்கும் ஐரோப்பியப் பட்டைக்குப் பழகிய கண்களோடு வந்தார்கள்.

இளவரசர் ஆல்பர்ட் ஆலோசனை கேட்டார். ஒளியியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் கல்லைச் சோதித்து உள்ளிருக்கும் மாசுகளைக் காட்டினார். கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் காஸ்டர் பட்டறையிலிருந்து கைதேர்ந்தவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1852 ஜூலையில், நீராவி இயந்திரத்தால் சுழன்ற தட்டின்மேல், 83 வயதான வெலிங்டன் பிரபு முதலாவது கல்லை வைத்துத் தேய்த்தார். வேலை 38 நாட்கள் நடந்தது. 8,000 பவுன் செலவாயிற்று. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 191 காரட் இருந்த கல் 105.6 காரட்டானது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலான பங்கு தூளாய்ப் போயிற்று. கல் மின்னியது, அதில் சந்தேகமில்லை. ஆகிலும் இவ்வளவு குறைந்துவிட்டதே என்று ஆல்பர்ட் வருந்தினார் என்று சொல்லப்படுகிறது. பழைய உருவத்தின் சுண்ணவார்ப்பு ஒன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையில் என் மனதை அதிகம் தொடுகிற பகுதி 1854-ல் நடந்தது. துலீப் சிங் அதற்குமுந்தின ஆண்டில் கிறிஸ்தவராகி, இங்கிலாந்துக்கு வந்திருந்தார். பக்கிங்காம் அரண்மனையில் அவருடைய உருவப்படம் வரையப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், ராணி அந்தக் கல்லை அவர் கையில் கொடுத்தார். பதினைந்து வயது வாலிபர் அதை ஜன்னலண்டை கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராணியிடமே திரும்பக் கொடுத்தார் என்று, அவரை வளர்த்த லாகின் அம்மையார் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் சிறுவயதில் கண்ட கல் அதுவல்ல. அதைவிடச் சிறியது, அதைவிடப் பிரகாசமானது. வெட்டுவதற்குமுன் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் தென்னாப்பிரிக்கா வந்தது. 1860-களின் கடைசியில் அங்கே வைரங்கள் கிடைத்தபோது, அரசர்களுக்கு மாத்திரம் உரியதாயிருந்த கல் நடுத்தரக் குடும்பங்களின் விரலுக்கும் எட்டியது. நம் வீட்டுப் பாட்டிமார் வைரத்தோட்டைக் காட்டி 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாய்ச் சொல்லுவார்களே, அந்தப் பெயரும் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். கல் ஏராளமானபோது, சற்று இழந்தாலும் பரவாயில்லை என்று துணியக்கூடியவர்கள் எழும்பினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹென்றி மோர்ஸ் என்பவர் 1870-களில், ஐரோப்பாவிலிருந்து வந்த பருத்த கற்களைத் திரும்பவும் தீட்டி, எடையை இழந்து அழகைக் கூட்டினார். கண்ணாலும் அளவுகோலாலும் அவர் கண்டுபிடித்ததைக் கணிதத்தால் நிரூபித்தவர் பெல்ஜியத்து வைரக் குடும்பமொன்றில் பிறந்த மார்செல் தோல்கோவ்ஸ்கி. 1919-ல் அவர் வெளியிட்ட சிறு நூல் இன்றளவும் பேசப்படுகிறது.

அவர் சொன்னதை எளிமையாய்ச் சொல்லுகிறேன். வைரத்திற்குள் நுழையும் ஒளி பெரும்பாலான மற்ற பொருள்களைவிட மிகவும் அதிகமாய் வளைகிறது. உள்ளே போன கதிர் அடிப்பட்டையின்மேல் 24 பாகைக்குச் சற்று அதிகமான சாய்வில் விழுந்தால், வெளியேற வழியின்றித் திரும்பும். அதற்குக் குறைந்தால் அடிவழியாய் ஒழுகிப்போகும். ஆகவே கல்லின் அடிப்பகுதி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப்போல வேலைசெய்ய வேண்டும். மிகவும் ஆழமாய் வெட்டினால் கல்லின் நடுவே இருள் தங்கும். மிகவும் தட்டையாய் வெட்டினால் மீனின் கண்ணைப்போல ஒரு சாம்பல் வளையம் தெரியும். தோல்கோவ்ஸ்கியின் கணக்கில் அடிப்பகுதியின் சாய்வு 40.75 பாகை, மேற்பகுதியின் சாய்வு 34.5 பாகை, மேல்முகத்தின் அகலம் கல்லின் விட்டத்தில் 53 விழுக்காடு. வெண்ணிற ஒளியும், அது வானவில்லாய்ப் பிரியும் வண்ணச் சிதறலும் இந்த அளவில் சமநிலை காணும் என்பது அவர் முடிவு. இதைச் சற்று மீறினாலும் அழகான கற்கள் உண்டு என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆயினும் அடிப்படை அசையவில்லை.

இவ்வளவு தெரிந்தபின்னும் கற்கள் ஏன் தவறாக வெட்டப்படுகின்றன? வெட்டுகிறவர் காரட் கணக்கில் விற்கிறார். சுரங்கத்துக் கல்லில் பாதியோ அதற்கு மேலோ தூளாகும் தொழிலில், அடிப்பகுதியைக் கொஞ்சம் ஆழமாய் விட்டுவிட்டால் சில சென்ட்கள் மிஞ்சும். அதிலும் 1.00 காரட் என்னும் கோட்டைத் தொட்டவுடன் விலை சட்டென்று ஏறுகிறபடியால், 0.95-ல் அழகாய் முடியவேண்டிய கல்லை 1.00-ஆக நிறுத்திவைக்கும் ஆசை பெரிது. கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகள் எச்சரிக்கிறது. இங்கே தராசு உண்மையைத்தான் சொல்லுகிறது. ஆனால் அது சொல்லும் எடை கண்ணுக்குத் தெரியாத அடியில் ஒளிந்திருக்கிறது. நன்றாய்த் தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் விட்டத்தில் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் இருக்கும். அடி கனத்த ஒரு காரட் கல்லோ 6.2 மில்லிமீட்டரில் நின்றுவிடலாம். 90 சென்ட் எடையுள்ள நல்ல கல்லின் அகலமும் அவ்வளவே. விரலில் இரண்டும் ஒரே பருமனாய்த் தோன்றும். சிறிய எடை மின்னும், பெரிய எடை மங்கும், பணமும் பெரியதற்கே அதிகம்.

வைர மோதிரமில்லாமல் நிச்சயமா என்று மேற்குநாட்டு வாலிபர் கேட்கும்படி செய்தது இருபதாம் நூற்றாண்டின் விளம்பரம். டி பியர்ஸ் நிறுவனத்திற்காக 1947-ல் பிரான்சிஸ் கெரெட்டி எழுதிய ஒரு வரி அதில் பெரும்பங்கு வகித்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர் என்பது ஒரு விநோதம். அதே காலத்தில் ராபர்ட் ஷிப்லி 1931-ல் தொடங்கிய அமெரிக்க ரத்தினவியல் கழகம், அதாவது ஜி.ஐ.ஏ., நான்கு அளவுகளை வணிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நிறத்துக்கும் தெளிவுக்கும் 1950-களிலேயே தரவரிசை வகுத்தார்கள். பட்டைக்கு முழுமையான தரக்குறியீடு ஜி.ஐ.ஏ. சான்றிதழில் இடம்பெற்றதோ 2006-ல்தான், அதுவும் வட்ட வடிவக் கற்களுக்கு. அரை நூற்றாண்டுக்கு மேலாக, வாங்குகிறவன் கையிலிருந்த தாளில் நிறமும் தெளிவும் துலக்கமாய் எழுதப்பட்டிருந்தன. ஒளிக்குக் காரணமானது எழுதப்படவில்லை. இன்றும் பலர் நான்காவதை மறந்துபோவது ஆச்சரியமல்ல.

ஆகையால், மோதிரம் வாங்கப் போகிறவர்களே, என் ஆலோசனை இதுதான். முதலாவது, கடனின்றிக் கொடுக்கக்கூடிய தொகையைக் குடும்பத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள். கடைக்குப் போனபின் அதை மாற்றாதிருங்கள். வட்டக் கல்லானால் பட்டையில் 'எக்ஸலண்ட்' என்னும் தரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றில் இறங்கி வாருங்கள். நிறத்தில் 'டி' உச்சம் என்றாலும், 'ஜி', 'எச்' நிறக் கல் மோதிரத்தில் பதித்தபின் சாதாரணக் கண்ணுக்கு வெண்மையாகவே தெரியும். நாம் விரும்பும் மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அதைவிடக் கீழான நிறமும் உறுத்தாது. தெளிவில் 'வி.எஸ்.2', பலவேளைகளில் 'எஸ்.ஐ.1' கல்லிலும், மாசு வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் புள்ளிக்காகப் பணத்தைக் கொட்டுவதைவிட, அதைப் பட்டையில் போடுவது நலம். எடையைக் கடைசியில் தீர்மானியுங்கள். 1.00-க்குச் சற்றே குறைந்த எடையில் தேடுங்கள். சான்றிதழில் மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள்.

பட்டையே எல்லாம் என்றும் நான் சொல்லமாட்டேன். எக்ஸலண்ட் தரத்துக்குள்ளேயே அம்பும் இதயமும் தெரிகிறது என்று சொல்லி இன்னும் கூடுதல் விலை கேட்பார்கள். அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையானால், அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. நீள்வட்டம், சதுரம் முதலான வடிவங்களுக்குச் சான்றிதழைவிடக் கண்ணையே அதிகம் நம்பவேண்டும். விளிம்பு மிகவும் மெலிந்த கல் எளிதில் உடைந்துபோகும். சமையலறையிலும் வேலையிடத்திலும் தினமும் அணியப்போகிற மோதிரம் அது என்பதை மறவாதிருங்கள். மணமகளுக்குப் பெரிய கல்தான் ஆசை, ஒளி சற்று மங்கினாலும் சம்மதம் என்றால், அதுவும் நியாயமான விருப்பமே. ஆனால் அவளிடம் கேட்டு அறியுங்கள். அவளுக்காக நீங்களே ஊகிக்க வேண்டாம்.

பாட்டியின் பழைய கல் வீட்டில் இருந்து, அதைப் புதிதாய்த் தீட்டி மோதிரமாக்கலாமா என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அத்தகைய கற்கள் விளக்கொளிக் காலத்தில், கையால், கண்ணளவில் தீட்டப்பட்டவை. அகன்ற பட்டைகள், உயர்ந்த மேற்பகுதி. மாலை வெளிச்சத்தில் அவற்றின் வண்ணச் சிதறல் தனி அழகு. இக்காலத்து அளவுக்குக் கொண்டுவந்தால் எடையில் பெரும்பங்கு போகும். பழைய உருவமும் போகும். அப்படிச் செய்யுமுன், பழைய பட்டையிலேயே அது எப்படியிருக்கிறது என்று நன்றாய்க் கழுவித் துடைத்துப் பாருங்கள். பல வருடத்து எண்ணெயும் சோப்பும் அடியில் படிந்து ஒளியை அடைத்திருக்கலாம். வீட்டில் அந்தக் கல்லுக்கு உரிமையுள்ள மற்றவர்களையும் கேளுங்கள்.

கடையில் கூரையிலிருந்து விழும் சிறு விளக்குகளின் கீழ் எந்த வைரமும் மின்னும். அதற்காகவே அவை பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒத்த எடையுள்ள இரண்டு மூன்று கற்களை ஒன்றாய்க் கேட்டு வாங்கி, ஜன்னலண்டை கொண்டுபோங்கள். பின்பு நேரடி வெளிச்சம் படாத நிழலில், கையைச் சற்றே அசைத்துப் பாருங்கள். அப்போதும் நடுப்பகுதி உயிரோடிருக்கிறதா, இருண்டுபோகிறதா என்பதைக் கவனித்து, மணமகளும் பார்த்தபின் விலையைக் கேளுங்கள்.